பாராசூட் இல்லாமல் லூப் அடிக்கலாமா?

அமெரிக்காவில் ஏரோபாட்டிக்ஸ் (விமானத்தில் வட்டமடிக்கும் லூப், உருளும் ரோல் போன்ற சாகசம்) பயிற்சிக்குப் பாராசூட் கட்டாயமா என்று வந்த கேள்விகளும் ஒரு பயிற்றுநரின் பதில்களும்.

சட்டம் என்ன சொல்கிறது? (புது மாணவர்)

அமெரிக்க விமான விதி 91.307-ஐப் பாருங்கள். பணிக்குழுவில் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே 60 டிகிரிக்கு மேல் சாய்த்தாலோ, மூக்கை 30 டிகிரிக்கு மேல் தூக்கினாலோ தாழ்த்தினாலோ, உள்ளே இருக்கும் எல்லோரும் பாராசூட் போட்டிருக்க வேண்டும். தனியாகப் பறப்பவருக்கு இது பொருந்தாது.

பயிற்றுநர் உரிமத்துக்காக ஸ்பின் (விமானம் சுழன்றபடி கீழே விழுவது) கற்றேன். பாராசூட் வேண்டாம் என்றார்களே?

சரிதான். உரிமத்துக்குத் தேவையான ஸ்பின் பாடத்துக்கு விலக்கு உண்டு. ஆசைக்கு லூப், ரோல் என்று இறங்கினால் அந்த விலக்கைக் காட்ட முடியாது.

தனியாகப் பறப்பவருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறீர்களா?

ஆமாம். விமானம் உடையும்போது உள்ளே எத்தனை பேர் என்று பார்த்தா உடைகிறது? ஏரோபாட்டிக் வகையில் சான்று பெற்ற விமானம் வழக்கமாக +6 ஜி, −3 ஜி வரை தாங்கும் (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு). லூப்பின் இறக்கத்தில் வேகம் ஏறுவதைப் பார்த்துப் பதறி ஸ்டிக்கை (விமானத்தை இயக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை) வெடுக்கென்று இழுத்தால் அந்த எல்லையைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. 1970-ல் இங்கிலாந்தில் ஏரோபாட்டிக் விமானி நீல் வில்லியம்ஸின் ஸ்லின் விமானத்தில் இறக்கை மேல்நோக்கி மடங்கத் தொடங்கியது. தலைகீழாகத் திருப்பி, இறக்கையைத் தன் இடத்துக்கு வரவைத்து, கடைசி நொடியில் நிமிர்த்தி இறக்கிப் பிழைத்தார். அந்தத் திறமையை நம்பி நீங்களும் நானும் பறக்க முடியாது.

பாராசூட்டை மாட்டிக்கொண்டால் போதும்தானே?

போதாது. என் மாணவர்கள் தரையிலேயே வெளியேறிப் பழகாமல் மேலே வருவதில்லை. டெக்காத்லான் என்ற சிறு விமானத்தில் என்றால் ஹெட்செட்டைக் கழற்று, கதவின் கீல் ஊசிகளை உருவும் கைப்பிடியை இழு, கதவைத் தள்ளு, இருக்கை வாரை அவிழ், வெளியே போ, ரிப்கார்டை (பாராசூட்டை விரிக்கும் பிடியை) கண்ணால் பார்த்து இரு கையாலும் இழு. இருக்கை வாரும் பாராசூட் வாரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவசரத்தில் கை எந்தக் கொக்கியைத் தேடும் என்பதுதான் பிரச்சினை. ஸ்பின்னில் நிமிடத்துக்கு 6,000 அடி இறங்கினால் 1,000 அடி 10 விநாடியில் போய்விடும். அதனால் எந்த உயரத்தில் குதிப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

பழைய பாராசூட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

உரிமம் பெற்ற ரிக்கரிடம் (பாராசூட்டைச் சோதித்து மடிப்பவரிடம்) காட்டாமல் வேண்டாம். நைலான் என்றால் 180 நாளுக்குள், பட்டு என்றால் 60 நாளுக்குள் மறுபடி மடித்திருக்க வேண்டும். உறையில் இருக்கும் அட்டையில் தேதியைப் பாருங்கள்.

சிர்ரஸ் வகைச் சிறு விமானங்களில் விமானத்துக்கே பாராசூட் உண்டே, அதில் ரோல் அடித்தால்?

சிர்ரஸுக்கு ஏரோபாட்டிக்ஸ் அனுமதியே கிடையாது. பேச்சு அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் கனமான ஆள். பாராசூட்டும் சேர்ந்தால்?

ஒன்று 7 முதல் 9 கிலோ இருக்கும், இரண்டு பேருக்கும் கணக்குப் போடுங்கள். எடை மிஞ்சினால் பாராசூட்டைக் கழற்றாதீர்கள், பெட்ரோலைக் குறைத்துச் சின்னப் பாடமாகப் பறந்துவிட்டு வாருங்கள்.