தும்மலோடு ஏன் இவ்வளவு அசதி?

மார்கழி, தை வந்தாலே தும்மல், கூடவே நாள் முழுக்க அசதி, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மகரந்தத்தை உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது, மூக்குச் சவ்வு வீங்குகிறது, இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு அரைத்தூக்கம்தான் தூங்குகிறோம். அசதிக்குப் பெரும்பங்கு அதுதான். அப்புறம் தும்மலுக்குப் போடும் ஒவ்வாமை மாத்திரையும் ஒரு காரணம். செட்ரிசின் சிலருக்குத் தூக்கத்தைத் தரும், பழைய குளோர்பெனிரமின் இன்னும் அதிகம். தூக்கம் குறைவாக வரும் ஃபெக்சோஃபெனடின் சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மதுரையைச் சுற்றிக் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம், காலி மனைகளில் பார்த்தீனியம், இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமை தரும். பைக்கில் போனால் மாஸ்க் போடுங்கள், வீடு வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது எனக்குப் பெரிய நிம்மதி; குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே கூடாது. நெஞ்சில் இழுப்பு வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.