ஒரே தூரம், ஆனால் போகவும் வரவும் விமானப் பயண நேரம் ஏன் மாறுகிறது?

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு நேர்வழித் தூரம் சுமார் 5,570 கி.மீ. கிழக்கே போக ஏறத்தாழ 7 மணி நேரம், மேற்கே திரும்ப 8 மணி நேரம் ஆகும். காரணம் ஜெட் காற்றோட்டம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று அது.

விமானம் மணிக்கு 900 கி.மீ. போவது காற்றைப் பொறுத்துத்தான், ஆற்றில் போகும் படகு மாதிரி. எதிர்க்காற்று 100 என்றால் தரைவேகம் 800. அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 1,000. குளிர்காலத்தில் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

டிக்கெட்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்பதால், நேர மண்டல வித்தியாசத்தைக் கழிக்காமல் கணக்குப் போடாதீர்கள். ஓடுபாதைக்கு நகரும் நேரமும் அதில் அடக்கம்.

பூமி சுழல்வதால் ஊர் விமானத்தை நோக்கி வந்துவிடும் என்பது தவறு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.