கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கணவன் மனைவி இருவர் மட்டும் காரில் போய்வர, கூட்டமில்லாத அழகான கடற்கரை வழி எது?

கடலூரிலிருந்து தெற்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் போய், கோடியக்கரையைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மீமிசல், தொண்டி வழியாகத் தனுஷ்கோடி வரை செல்லும் வழியையே நான் சொல்வேன். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்ட பிறகு, நானும் என் கணவரும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு இந்த வழியில் போய்வருகிறோம். சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்; விடுதிகளின் மதில் சுவர்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும் கடலுக்காக அவ்வளவு நெரிசலில் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தெற்கு வழியிலும் பெரும்பாலான தூரத்துக்குச் சாலையிலிருந்து கடல் கண்ணில் படாது. தென்னந்தோப்பு, வயல், இறால் பண்ணை, உப்பளம் ஆகியவற்றுக்கு அப்பால், இடது கைப் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளித்தான் கடல் இருக்கும். எங்கே இடப்பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாதவர்கள், நாள் முழுவதும் வண்டி ஓட்டிவிட்டுக் கடலையே பார்க்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வார்கள். எல்லாத் திருப்பங்களிலும் இறங்கவும் நேரம் இருக்காது. ஆகவே எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம் வரையுள்ள பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் நமக்குப் பக்கத்து ஊர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்கூடப் போய்வரலாம். தரங்கம்பாடியில் மட்டும் இறங்குங்கள். 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கோட்டை அங்கே இருக்கிறது. ஆனால் அதைவிட, அருகிலேயே கடல் அரிப்பில் முன்பகுதியை இழந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான் எங்களை அதிக நேரம் நிற்க வைத்தது. காரைக்காலில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டைவிட அங்கே விலை குறைவு என்பது புதுச்சேரிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேளாங்கண்ணியைத் தாண்டியதும் பேருந்துகளும் வேன்களும் குறைந்துவிடுகின்றன. நீங்கள் கேட்ட ஆளரவமற்ற கடற்கரை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் அகத்தியம்பள்ளியைச் சுற்றி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளிய இடம் இதுதான். நினைவுத் தூணும் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே பாத்திகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். நீண்ட கம்பில் பலகை பொருத்தி உப்பை வரப்புக்கு இழுத்துச் சேர்ப்பவர்களின் கால்கள் முழங்கால்வரை வெளுத்திருக்கும். குவித்த உப்பை மழையிலிருந்து காப்பாற்ற ஓலை வேய்ந்து வைத்திருப்பார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் ஏதோ குடிசைகள் வரிசையாக நிற்பதாகவே தோன்றும். வெயில் ஏறிவிட்டால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது.

கோடியக்கரையில்தான் நம் கடற்கரை திசை மாறுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ நேர்தெற்காக வரும் கரை, இங்கே முழங்கை போல மேற்கே மடங்குகிறது; ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் பாக் நீரிணை. 1967இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே மெதுவாக ஓட்டுங்கள். ஒரு முறை என் கணவர் ராமரின் பாதச்சுவடு இருப்பதாகச் சொல்லப்படும் ராமர் பாதம் என்ற இடத்தைத் தேடி வேகமாகப் போக, "கொஞ்சம் நிறுத்துங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஒரு வெளிமான் கடா, முறுக்கிய கொம்பைச் சாய்த்தபடி வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்து போனது. அதற்குப் பின்னால் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடியும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளும் இங்கே உண்டு. தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் கிடைக்கும்.

மேற்கே திரும்பிய பிறகு நீங்கள் பார்க்கப்போவது வேறொரு கடல். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கை கிழக்கே தடுத்து நிற்பதால் பெரிய அலைகளும் வருவதில்லை. கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையின் அலைக்குப் பழகிய நமக்கு, இங்கே நீர் ஏரியைப் போல அடங்கிக் கிடப்பதைப் பார்க்க முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். மணலுக்குப் பதில் பல இடங்களில் சேறுதான். ஆனால் இந்த அமைதியில்தான் கடற்புற்கள் வளர்கின்றன; அவற்றை மேயும் கடற்பசுக்களுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியை 2022இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவைக் கரையிலிருந்து பார்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மல்லிப்பட்டினத்துக்கு அருகே, நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா கோபுரம் நிற்கிறது. தஞ்சை மன்னருக்கும் நெப்போலியனுக்கும் என்ன பகை என்று என் கணவர் கேட்டார். ஆங்கிலேயரின் நண்பர் என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த மன்னருக்கு வேறு வழி என்ன இருந்திருக்கும்? மாலையில் அங்கே உள்ளூர்க் குடும்பங்கள் சில வரும், அவ்வளவுதான்.

தனுஷ்கோடியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை போகிறது; பாம்பன் பாலத்தை விட்டால், இந்த வழியில் இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஆனால் விடுமுறை நாட்களில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். விடியற்காலையில் போக முடிந்தால் போங்கள். நாட்கள் குறைவாக இருந்தால் தனுஷ்கோடியை விட்டுவிட்டு மனோராவோடு திரும்பிவிடுங்கள் என்பேன். இதை என் கணவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தங்குவதற்கு வேதாரண்யம், பட்டுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய ஊர்களை நம்பலாம். இடையிலுள்ள மீனவ ஊர்களில் விடுதியை எதிர்பார்க்காதீர்கள். மீன் குழம்புச் சாப்பாடு வேண்டுமானால் இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பரோட்டாதான். பெண்களுக்குக் கழிப்பறை பெரும் பிரச்சினை. பெரிய பெட்ரோல் பங்க் எதைப் பார்த்தாலும் நிறுத்திவிடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பயணம் வேண்டாம். 2011இல் தானே புயல் நம் கடலூர்ப் பக்கத்து மரங்களைச் சாய்த்ததுபோலவே, 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் மிகப் பொருத்தம். பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். அப்போது சம்பா அறுவடை நடப்பதால் டெல்டா ஊர்களில் சாலையின் பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், இருட்டில் அது தெரியாது. ஆகவே சூரியன் மறைவதற்குள் அன்றைய ஊரை அடைந்துவிடும்படி திட்டமிடுங்கள்.