மகளின் சம்பளச் சான்று எல்லாம் இருந்தும் அம்மாவுக்கு அமெரிக்க விசிட்டர் விசா மறுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்ற விதியெல்லாம் கிடையாது. கட்டிய பணம்தான் திரும்பாது. உங்கள் அம்மாவிடம் கொடுத்த தாளில் 214(பி) என்று இருந்திருக்கும். இவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு, 'இல்லை' என்று காட்டும் பொறுப்பை நம் தலையில் வைக்கிற அமெரிக்கக் குடியேற்றச் சட்டப் பிரிவு அது. மேல்முறையீடு இல்லை, புதிதாகத்தான் போட வேண்டும்.

2023 ஆரம்பத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதை. அம்மா அருப்புக்கோட்டையில் மாவு மில் வைத்திருக்கிறார். அப்பா போனதிலிருந்து தனியாகத்தான் நடத்துகிறார். நியூஜெர்சியில் இருக்கும் தங்கைக்குப் பிரசவம். டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய ஏஜென்ட் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டுவிட்டார். நாங்களும் கவனிக்கவில்லை. எங்கள் கண்ணெல்லாம் ஃபைல் மேல்தான்: தங்கையின் பே ஸ்லிப், மாப்பிள்ளையின் வரிக் கணக்கு, ஸ்பான்சர் கடிதம்.

முதல் நாள் கைரேகை, மறுநாள் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். வெளியே வந்த அம்மா ஃபைலை என் கையில் கொடுத்து, "ரப்பர் பேண்டைக்கூடக் கழட்டலப்பா" என்றார்.

மூன்றே கேள்வி, அதுவும் தமிழில். எதற்குப் போகிறீர்கள்? பெண்ணுக்குப் பிரசவம். எத்தனை நாள்? ஆறு மாசம். இங்கே என்ன செய்கிறீர்கள்?

"சும்மா வீட்லதாங்க இருக்கேன்."

காலை ஐந்து மணிக்கு மில்லைத் திறந்து, ராத்திரி புருவமெல்லாம் மாவோடு வீடு திரும்புகிறவர் சொன்ன பதில் இது. ஏம்மா என்றால், "பெரிய ஆபீசர் முன்னாடி மில்லு கில்லுன்னு பெருமை பேசச் சொல்றியா?"

விசிட்டர் விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஸ்பான்சர் பத்திரமோ தேவையில்லை, விண்ணப்பிப்பவருக்கு ஊரில் என்ன பிடிப்பு என்பதுதான் கணக்கு என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. அப்புறம்தான் அதைப் படித்தேன். மகள் சம்பளம் எவ்வளவு பெரிதோ, அம்மா அங்கேயே தங்கிவிட அவ்வளவு வசதி என்றுகூட அவர்களுக்குத் தோன்றலாம். இது என் ஊகம்.

இரண்டாம் தடவை நானே நிரப்பினேன். முன்பு மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். "இல்லைன்னு போடுங்க சார்" என்றார் அதே ஏஜென்ட். போட்டுவிடாதீர்கள். பொய் என்று முடிவு செய்தால் ஆயுளுக்கும் தடை விழும். இதற்குள் கட்டணமும் 160 டாலரிலிருந்து 185 ஆகியிருந்தது. தேதி கிடைப்பதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. இந்த முறை அம்மா, "மாவு மில் வச்சிருக்கேன், மூணு மாசத்துல வந்துடுவேன், தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க ஊரே வந்து நிக்கும்" என்றார். கிடைத்தது.

'என் மாமியார் சும்மா இருக்கேன்னுதான் சொன்னார், அவருக்குக் கிடைத்ததே' என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: சந்தோஷம். நான் வக்கீல் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொய்யாக ஒரு தொழிலை ஜோடிக்கவும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு ஆடு, மாடு, வயல், பென்ஷன் என்று எது உண்மையோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். விசா பத்து வருடத்துக்கு இருக்கும், ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார். ஐ-94 என்கிற வருகைப் பதிவில் உள்ள தேதிதான் கணக்கு.

கேட்காத விஷயம் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதனால் விசாவில் அவர் பெயரைக் குடும்பப் பெயராக்கி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (FNU) என்று அடித்திருந்தார்கள். பெயர் தெரியாதவர் என்று அர்த்தமாம்! அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவது நம் ஊர் வழக்கம், அதற்கு இப்படி ஒரு தண்டனை. தங்கைக்கும் இதே கூத்துதான். அங்கே மருந்துக் கடையில் அவளை 'ஃப்னூ' என்று கூப்பிடுகிறார்கள், அவளும் எழுந்து போகிறாள்.