இருபத்தைந்து வயது ஜாகுவாரை ஏன் வாங்குகிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார்கள் பற்றிய உங்கள் பத்திகளைத் தொடர்ந்து படிக்கிறேன். லெஸ்டரில் வசிக்கிறேன். என் அலுவலகத்தில் இருவர் ஜாகுவார் எக்ஸ்கே8 வைத்திருக்கிறார்கள். ஒன்று 1998, இன்னொன்று 2003. இருவரும் நன்றாகச் சம்பாதிப்பவர்கள். தவணையில் புது ஜெர்மன் கார் எடுப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் இதை விடமாட்டேன் என்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

கேட்கக் காரணம் உண்டு. பக்கத்து ஊரில் 2000ஆம் ஆண்டு கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கிக்கொள்ளும் வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 78,000 மைல் ஓடியது. 'நிகாசில் தொல்லை இல்லாத வண்டி, கவலையே வேண்டாம்' என்கிறார் விற்பவர். அது என்ன தொல்லை? நம்பி வாங்கலாமா?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே காரை வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால்தான் ஒன்று. பானெட்டைத் திறந்தால் 1998உம் 2003உம் வேறு வேறு வண்டிகள். நீங்கள் பார்த்திருக்கும் 2000 இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்டு. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஏன் வாங்குகிறார்கள் என்பது. பெரும்பாலோர் அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள், மற்ற காரணங்களெல்லாம் பிறகு தேடிக்கொள்பவை. ஜாகுவாரின் புகழ்பெற்ற பழைய கார் ஈ-டைப் 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. எக்ஸ்கே8 வந்ததும் அதே ஜெனீவாவில், 1996 மார்ச்சில். ஜெஃப் லாசன் தலைமையிலான வடிவமைப்புக் குழு நீள்வட்ட வாய், நீண்ட மூக்கு என்று பாட்டியின் சாயலைப் பேத்தியிடம் ஒளிக்காமல் கொண்டுவந்தது. அன்று ஐம்பதாயிரம் பவுண்டை ஒட்டி விற்ற கார் இன்று சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது.

ஆனால் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்துபோவார். நான்கு லிட்டர் வி8, 290 குதிரைத்திறன் எல்லாம் உண்டு. ஆனால் மேனுவல் கியர் இந்தக் காரில் எந்த ஆண்டிலும் கிடையாது. வளைவில் திருப்பி விளையாட விரும்புகிறவர் ஏறக்குறைய அதே காலத்துப் போர்ஷே 911 பக்கம் போய்விடுவார். எக்ஸ்கே8 வாங்குபவருக்கு வேண்டியது வேறு: முந்நூறு மைல் ஓட்டிவிட்டு இடுப்பைப் பிடிக்காமல் இறங்க வேண்டும், சுற்றிலும் தோலும் வால்நட் மரமும் இருக்க வேண்டும், வலது காலை அழுத்தினால் ஓசையில்லாமல் பாய வேண்டும். டிக்கியில் இரண்டு கோல்ஃப் பை கொள்ளும். பின்னிருக்கை பெயருக்குத்தான், குழந்தைகளை உட்காரவைக்கலாம். அடித்தளம் ஜாகுவாரின் எழுபதுகளின் கார் எக்ஸ்ஜே-எஸ்ஸிலிருந்து வந்தது, இடம் அவ்வளவுதான்.

வரிக்கணக்கும் ஒரு காரணம். பலர் சொல்லமாட்டார்கள், ஆனால் கணக்குப் போட்டிருப்பார்கள். பிரிட்டனில் 2001 மார்ச் 1க்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்துச் சாலைவரி. அதன்பின் பதிவானவற்றுக்குக் கரியமில வாயு அளவை வைத்து. அதிலும் 2006 மார்ச் 23க்கு முன் பதிவான கார் எவ்வளவு புகைத்தாலும் 'கே' பிரிவுக்கு மேலே போகாது. இந்தத் தலைமுறையின் உற்பத்தி 2005இல் முடிந்துவிட்டதால் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் அந்தத் தேதிக்கு முன்னால் பதிவானவை. அடுத்து வந்த அலுமினிய உடல் எக்ஸ்கே அந்தத் தேதிக்குப் பின் பதிவானதென்றால் உச்சப் பிரிவில் விழும். இதற்கு அதில் ஏறத்தாழ பாதிதான் வரி. துருப்பிடிக்காத புது உடலை விட்டுவிட்டு இரும்பு உடலைத் தேடி வாங்குகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் நினைப்பது ஒன்று உண்டு. இந்தக் காரின் நோய்கள் அத்தனையும் தெரிந்துவிட்டன. சுமார் 90,000 வண்டிகள் ஓடி, உடைந்து, பிரித்து, பூட்டப்பட்டுவிட்டன. எது, எப்போது, ஏன் போகும் என்பதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் அதே காலத்து எக்ஸ்ஜே8 செடானிலும் இருந்தவை என்பதால் உதிரிபாகமும் கிடைக்கும், வேலை தெரிந்த தனி மெக்கானிக்கும் கிடைப்பார். உங்கள் நண்பர்களுக்குத் தங்கள் காரில் அடுத்து என்ன கெடும் என்று தெரியும். தவணையில் புதுக் கார் எடுத்தவருக்கு அது தெரியாது.

இனி உங்கள் 2000. நிகாசில் என்பது நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் இரும்பு லைனருக்கு (உள்ளே செருகும் குழல்) பதிலாக இதைப் பூசினார்கள். பூச்சு நல்லதுதான், கந்தகத்துக்கு மட்டும் தாங்காது. அக்காலப் பெட்ரோலில் கந்தகம் அதிகம். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குறுகிய பயணங்களில் அந்தக் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிப் பூச்சை அரித்தது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை அழுத்தும் திறன், போய்விடும். உத்தரவாதக் காலத்திலேயே பல எஞ்சின்கள் மாற்றப்பட்டன. 2000 ஆகஸ்டில் ஜாகுவார் வார்ப்பிரும்பு லைனருக்கு மாறியது.

விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க அவரை நம்பத் தேவையில்லை. எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் பத்து இலக்க எண்ணைப் படியுங்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று அது எஞ்சின் பிறந்த நேரம். மாற்றம் நடந்த எண் 0008181043. அதாவது 2000 ஆகஸ்ட் 18, காலை 10.43. அந்த எண்ணும் அதற்குப் பிந்தியவையும் இரும்பு லைனர், முந்தியவை நிகாசில். ஜாதகம் கணிப்பவர் தோற்றார் போங்கள்.

எண் முந்தியதாக இருந்தாலும் பதறிவிடாதீர்கள். ஐரோப்பாவில் பெட்ரோலில் கந்தகத்தின் வரம்பு 2000இல் பத்து லட்சத்தில் 150 பங்கு, 2005இல் 50, 2009இல் 10 என்று இறங்கிவிட்டது. சாக வேண்டிய நிகாசில் எஞ்சின்கள் அப்போதே செத்துவிட்டன. இன்றும் எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஒரே மாதிரி காட்டும் எஞ்சின் தப்பிப் பிழைத்த ஒன்று, இனி அந்த நோயால் போகாது.

ஒரு பழக்கம் மட்டும் அவசியம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வண்டியைப் பத்தடி நகர்த்தி, உடனே அணைக்கக் கூடாது. காரைக் கழுவ வெளியே எடுத்து நிறுத்துகிறார்களே, அதேதான். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரெஷன் விழும், மறுபடி கிளம்பாது. அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும், அப்போது பெட்ரோல் நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டுச் சுழற்றுவார்கள்.

விற்பவர் நிகாசிலைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வண்டியில் அதைவிடப் பெரிய பயம் டைமிங் செயின் டென்ஷனர். எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளான எக்ஸாஸ்ட் கேமையும் இன்டேக் கேமையும் இணைக்கும் சிறிய செயின் ஒன்று உண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் இரண்டாம்நிலை டென்ஷனரின் உடல் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது விரிசல் விடும். செயின் தளரும், பல் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதும், அத்தோடு எஞ்சின் முடிந்தது. உலோக உடல் டென்ஷனர் வந்தது 2001 பிற்பகுதியில்தான். ஆக, 2000 ஆகஸ்டுக்கும் 2001 பிற்பகுதிக்கும் இடையே வந்த வண்டிகளில் லைனர் இரும்பு, டென்ஷனர் பிளாஸ்டிக். 'நிகாசில் இல்லை' என்று விற்பவர் நெஞ்சை நிமிர்த்துவது இந்த வண்டிகளுக்குத்தான். அவர் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை.

மாற்றிவிட்டேன் என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையா, கேம் கவரைக் கழற்றிப் பார்ப்பதற்கு மெக்கானிக்குக்கு அதிக நேரம் பிடிக்காது. முன்பக்கம் இரண்டு கேமுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக்கா உலோகமா என்பது கண்ணுக்கே தெரியும். பிளாஸ்டிக் என்றால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். இரண்டாம்நிலை இரண்டையும் கட்டாயம் மாற்ற வேண்டும். கையோடு முதல்நிலை செயின்களின் டென்ஷனரையும் வழிகாட்டிகளையும் மாற்றிவிடுவது இன்னும் நல்லது, கூலி கூடும். கூலிக்குப் பயந்து செயினைப் பிளாஸ்டிக் நாடாவால் சக்கரத்தோடு கட்டிவைத்துவிட்டு இரண்டாம்நிலையை மட்டும் மாற்றும் குறுக்குவழி உண்டு. கவனமாகச் செய்தால் தவறில்லை, என்றாலும் கேமைப் பூட்டும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுப்பதையே நான் விரும்புவேன்.

கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இஸட்.எஃப். செய்தது, ஐந்து கியர். ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று ஜாகுவார் சொன்னது. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. இஸட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் 78,000 மைல் என்பது 1,25,000 கிலோமீட்டர், கெடு தாண்டிவிட்டது. மாற்றும்போது வடிகட்டியும் கேஸ்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆயிலின் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, கியர்பாக்ஸ் ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கையில் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஊற்றி மூடிவிட்டால் அளவு தவறும். இந்தப் பெட்டியின் பிரபலமான சாவு 'ஏ' கிளட்ச் டிரம் உடைவது. முன்கியர்கள் போய்விடும், ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யும். 2003 வண்டி வைத்திருக்கும் நண்பருக்கு இதெல்லாம் இல்லை. அவருடையது 4.2 லிட்டர் எஞ்சினும் ஆறு கியரும், டென்ஷனரும் உலோகம். பட்ஜெட் இருந்தால் அவருடைய வண்டியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

கன்வெர்ட்டிபிள் என்பதால் கூரை. ஹைட்ராலிக் பம்பு டிக்கியில் இருக்கிறது, குழாய் அங்கிருந்து கண்ணாடிச் சட்டத்தின் மேல் உள்ள பூட்டு வரைக்கும் வரும். குழாய் பழசாகி வெடித்தால் உள்கண்ணாடிக்கு மேலிருந்து பச்சை எண்ணெய் ஓட்டுபவர் தலையில் கொட்டும். இங்கிலாந்து உரிமையாளர்கள் இதைப் 'பச்சைக் குளியல்' என்றே சொல்கிறார்கள். குழாய்களை மாற்றி, பம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரோ வால்வோ பொருத்திவிட்டால் பிறகு கவலையில்லை. பார்க்கப் போகும் நாளில் கூரையை நீங்களே மூன்று முறை திறந்து மூடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் உறை, வாட்டர் பம்பு இரண்டும் மலிவுதான். ஆனால் அவை உடைந்து எஞ்சின் சூடேறினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதனால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். முன் ஷாக் அப்சார்பரின் மேல் புஷ் நுரைபோல உதிர்ந்து டக் டக்கென்று தட்டும். அது விலை பேசும்போது உதவும், பயப்பட வேண்டியதில்லை. திரையில் 'கியர்பாக்ஸ் ஃபால்ட்' என்று வந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வோல்டேஜ் குறைந்தால் இந்தக் கார் இல்லாத வியாதியெல்லாம் சொல்லும். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் பெரும்பாலும் அதன் மாட்யூலில் சால்டரிங் விட்டிருக்கும், பிரித்து மறுபடி ஒட்டித்தரும் கடைகள் இருக்கின்றன.

என்னைக் கேட்டால் இந்தக் காரை உண்மையில் கொல்வது துருதான். இயந்திரத்துக்கு உதிரிபாகம் உண்டு, உடலுக்கு வெல்டிங்தான். முன் சக்கரங்களுக்குப் பின்னால், கால்வைக்கும் இடத்துக்குக் கீழே தரைத்தகடு இரட்டை அடுக்கு. நடுவில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சில்லையும் (கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு) பின்சக்கர வளைவையும் தட்டிப் பாருங்கள். போவதற்கு முன்பே அரசாங்க இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதி) சோதனை முடிவுகள் இலவசமாக வரும். அதில் 'அரிப்பு' என்ற குறிப்பு எந்த வருடம் தொடங்கியது, அடுத்த வருடம் எப்படி மறைந்தது என்று பாருங்கள். வெல்டிங் ரசீது இல்லாமல் மறைந்திருந்தால் அங்கே மறைத்தது அடிப்பூச்சு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். இது பணம் கொடுத்து வாங்கும் மாடு. போகும் முன் விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அவர் எதையோ உங்களுக்குக் கேட்கவிடாமல் செய்கிறார். டென்ஷனர் செயின் சலசலப்பது குளிர்ந்த எஞ்சினின் முதல் சில விநாடிகளில்தான்.

அதற்கும் முன்னால் தொலைபேசியிலேயே அந்தப் பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, டென்ஷனர் ரசீதின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு பேசலாம்.