'நன்றி: இணையம்' யாருக்குச் சொல்லும் நன்றி?

கேள்வி: பழைய அமெரிக்க டிராக் ரேஸ் (இரண்டு கார்கள் நேர்கோட்டில் சீறும் போட்டி) படங்கள் என்றால் எனக்கு உயிர். கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த பெரியப்பா, அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கிய நாற்பது பிரிண்ட்களை எனக்குக் கொடுத்தார். அவற்றை ஸ்கேன் செய்து, நெட்டில் கிடைத்த சிலவற்றையும் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டு வருகிறேன். போன வாரம் ஒருவர், "இது என் அப்பா எடுத்தது, அவர் பெயர் எங்கே?" என்று கேட்டுவிட்டார். 'நன்றி: இணையம்' என்று போட்டிருந்தேன், போதாதா? பிரிண்ட் என் கையில்தானே இருக்கிறது?
- வாசகர், கோவை

பதில்: போதாது. இணையமா வெயிலில் கேமராவோடு நின்றது? (நம் பத்திரிகைகளும் இந்த 'நன்றி: இணையம்' கூத்தைப் பல வருடமாக அடித்துக்கொண்டிருக்கின்றன, அதனால் உங்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.)

பிரிண்ட் உங்களுடையது, சந்தேகமே இல்லை. ஃபிரேம் போடலாம், சுவரில் மாட்டலாம், விற்கலாம். ஆனால் பழைய புத்தகக் கடையில் நாவல் வாங்கியவருக்கு அதை அச்சடிக்கும் உரிமை வருவதில்லையே, அதே கதைதான் இதுவும். அமெரிக்கச் சட்டத்தில் காகிதத்தின் சொந்தக்காரர் வேறு, படத்தின் உரிமையாளர் வேறு. எங்கும் வெளியிடாத படமென்றால், எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். 1965-இல் இருபத்தைந்து வயதில் படம் எடுத்தவர் இன்று எண்பதுகளில் உயிரோடு இருக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1978-க்கு முன் உரிமைக் குறிப்பு இல்லாமல் பத்திரிகையில் வந்தவை, 1964-க்கு முன் வெளியாகி 28-ஆம் வருடம் புதுப்பிக்காமல் விட்டவை, இவையெல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நாற்பதில் எது அந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அப்புறம் ஒன்று, பெயர் போடுவது மரியாதை, அதுவே அனுமதி ஆகிவிடாது. கேட்டவருக்கு இன்றே பதில் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டு, அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டு, படம் இருக்கலாமா எடுத்துவிடவா என்று அவரையே கேளுங்கள். எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அதே ரோலில் எடுத்த வேறு படங்களைக்கூட அனுப்புவார்கள். கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஸ்டிரிப் என்ற டிராக் ரேஸ் களம் 1955-இல் வில்மிங்டனில் தொடங்கி 1972-இல் மூடப்பட்டது, அந்தக் கால்மைல் ஓட்டங்களில் நமக்கு மிச்சம் இந்த மாதிரிக் குடும்பங்களின் பரண் பெட்டிகள்தான்.

பெயரை முதல் வரியிலேயே போடுங்கள், முப்பது ஹேஷ்டேகுக்குக் கீழே புதைக்காதீர்கள். 'படம்: இன்னார். பிரிண்ட்: என் பெரியப்பாவின் சேகரிப்பு' என்று எடுத்தவரையும் வைத்திருப்பவரையும் தனித்தனியாகச் சொன்னால் குழப்பமே வராது. ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுத் தன் பக்கத்தின் முத்திரையைக் குத்துகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருட்டை மறைக்க இப்படித் தெரிந்தே நீக்கினால் அமெரிக்காவில் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு கட்ட நேரலாம்.

கேள்வி: சரி, யார் எடுத்தது என்றே தெரியாத படத்துக்கு என்ன செய்ய?
- அதே வாசகர்

பதில்: முதலில் திருப்பிப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்ப், பென்சில் கிறுக்கல், ஸ்டுடியோ முகவரி, ஏதாவது இருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்ட்களில் பலவற்றின் வெள்ளை ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும், ஆனால் அது படம் கழுவிய தேதி, ரேஸ் அதற்கு முன்னாலேயே நடந்திருக்கலாம். காரும் பேசும். ஓட்டுநருக்கு முன்னால் இன்ஜின் இருக்கும் டிராக்ஸ்டர் (இந்த ரேஸுக்கென்றே கட்டிய நீள வண்டி) என்றால் பெரும்பாலும் எழுபதுகளின் தொடக்கத்துக்கு முந்தையது. 1970 மார்ச்சில் லயன்ஸில் பிரபல ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிரான்ஸ்மிஷன் வெடித்து வண்டி இரண்டாகி, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போயிற்று. அதற்குப் பிறகு இன்ஜினைப் பின்னால் வைத்துக் கட்டிய வண்டியில் 1971-இல் கலிஃபோர்னியாவின் பொமோனா ரேஸில் ஜெயித்தார், மற்றவர்களும் மளமளவென்று மாறினார்கள். ரேஸைத் தொடங்கிவைக்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற சிக்னல் விளக்குக் கம்பம் இல்லாமல் கொடியோடு ஆள் நின்றால், 1963-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். வருடமும் களமும் பிடிபட்டால் அங்கே வழக்கமாகக் கேமராவோடு திரிந்தவர்கள் யார் என்று அந்த ஊர்ப் பெரிசுகளிடம் விசாரிக்கலாம்.

அப்படியும் தெரியாவிட்டால் 'எடுத்தவர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதி, பிரிண்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து இரண்டாவது படமாகப் போடுங்கள். அந்தக் கையெழுத்தை அடையாளம் காண எங்கோ ஒரு மகளோ பேரனோ இருப்பார்.