கூண்டு இருக்கட்டும், கயிறு யார் கையில்?

கேள்வி: வெள்ளைச் சுறாவைக் கூண்டுக்குள் நின்று பார்க்கலாம் என்று தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய்க்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கம்பியை உடைத்துக்கொண்டு சுறா உள்ளே வந்துவிட்டால்? தவிர, ரத்தத்தைக் கொட்டி மனித வாடைக்கு அதைப் பழக்குவது பாவமில்லையா?

பதில்: சுறா உள்ளே வருமா என்று கவலைப்படுகிறீர்கள். முதலில் அந்தப் பக்கம் வருமா என்று விசாரியுங்கள். 2017-இல் கான்ஸ்பாய்க் கரையில் ஈரல் காணாமல்போன வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கின. வேட்டையாடியவை ஓர்காக்கள், அதாவது கொலைத் திமிங்கலங்கள். முதுகுத் துடுப்பு ஆளுக்கொரு பக்கம் மடங்கிய இரண்டு ஆண்கள்; கப்பல்காரர் மொழியில் இடம், வலம் என்று பொருள்படும் ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்ட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்றுமுதல் வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தலைகாட்டாமல் போயின. இப்போது அங்கே பல பயணங்களில் காட்டுவது செம்புச் சுறா. அதுவும் பார்க்க வேண்டிய மீன்தான். ஆனால் விளம்பரத்தில் வாயைப் பிளந்து நிற்பது அதுவல்ல. ‘போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் வெள்ளைச் சுறா வந்தது?’ என்று கேளுங்கள். நேரான பதில் இல்லையென்றால் வேறு படகு பாருங்கள். அதே நாட்டில் மாசல் பே இருக்கிறது; ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கனிலிருந்து போகும் நெப்டியூன் தீவுகள் இருக்கின்றன. தெளிந்த நீருக்குப் பேர்போன மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் 2023-இலேயே இந்தத் தொழிலுக்குத் தடை போட்டாயிற்று.

நீச்சல் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் கூண்டு படகின் விலாவோடு கட்டி மிதக்கும். உங்கள் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும். சுறா வருகிறது என்று படகில் இருக்கும் ஆள் குரல் கொடுத்ததும் மூச்சைப் பிடித்து அமிழ வேண்டும், அவ்வளவுதான். குளிருக்குப் போடும் ரப்பர் உடையான வெட்சூட் உங்களை மேலே தூக்கும் என்பதால் இடுப்பில் ஈய எடை கட்டிவிடுவார்கள். காலைக் கீழ்க் கம்பியில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளுங்கள். கைக்கென்று உட்புறம் தனிக் கம்பி உண்டு. வெளிக்கம்பியைத் தொடாதீர்கள், செல்ஃபிக் குச்சியை நீட்டாதீர்கள். நெப்டியூனில் குழாய் வழியே காற்றும் தருவார்கள். கடலடிக் கூண்டில் இறங்கத்தான் ஸ்கூபா சான்றிதழ் வேண்டும்.

இப்போது உடைப்பு விவகாரம். சுறாவின் குறி நீங்கள் அல்ல, அதை வரவழைக்கப் படகிலிருந்து கயிற்றில் கட்டி ஆட்டும் சூரை மீன் தலை. வெள்ளைச் சுறாவுக்குக் கண்ணை மூடும் சவ்வு கிடையாது. ஆகவே கடிக்கும் நொடியில் கண்விழியைப் பின்னால் உருட்டிக்கொள்ளும். கடைசி ஓரடியில் அது குருடு. அந்த நேரம் பார்த்து, நல்ல படம் கிடைக்கட்டும் என்று இரையைக் கூண்டை நோக்கி இழுத்தால் அது கம்பியில் வந்து மோதாமல் என்ன செய்யும்? மோதி இடைவெளியில் தலை சிக்கினால் பின்வாங்கவும் முடியாது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது என்பதால் முன்னோக்கியே துள்ளும். குவாடலூப்பேயில் 2016-இல் ஒரு சுறா இப்படிக் கூண்டுக்குள் புகுந்து மேல்வழியாக வெளியேறியது. உள்ளே இருந்தவர் தப்பினார். 2019-இல் கம்பிகளுக்கிடையே மாட்டிய இன்னொன்று தப்பவில்லை. எனவே கம்பியின் தடிமனை விட்டுவிட்டுக் கயிறு பிடிப்பவரைக் கவனியுங்கள். தேர்ந்த ஆள் இரையைக் கூண்டுக்குப் பக்கவாட்டில் இழுப்பார், சுறா வாய் திறப்பதற்குள் எடுத்தும்விடுவார். கயிறு சணல் போன்ற நாரா, நைலானா என்பதையும் பாருங்கள். கயிற்றோடு விழுங்கிவிட்டால் நார் மட்கும். நைலான் வயிற்றிலேயே கிடக்கும். படமெடுக்க விட்டிருக்கும் திறப்பு அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் அந்தக் கூண்டில் இறங்காதீர்கள்.

சில சமயம் இரையை விட்டுக் கூண்டையே கடித்துப் பார்க்கும். பதற வேண்டாம். அதன் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள் மின்புலத்தை உணர்பவை. உப்புநீரில் உலோகம் உண்டாக்கும் மெல்லிய மின்னோட்டம் அதற்கு ஏதோ உயிருள்ள பொருள்போலத் தெரிகிறது.

ரத்தம் என்கிறீர்கள். கொட்டுவது அரைத்த மீனும் மீன் எண்ணெயும் கலந்த கூழ். அதில் மனித வாடைக்கு இடமே இல்லை. உங்கள் பாவக் கணக்கை மனிதர்களிடமிருந்து சுறாவின் பக்கம் மாற்றிப் போட்டால் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நெப்டியூன் தீவுகளில் பயணங்கள் பெருகியபின் சுறாக்கள் அங்கே தங்கும் காலம் நீண்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன்பிறகு இரை போடும் நாள்களுக்கு வரம்பு வந்தது. கிடைக்காத இரைக்காகச் சுற்றிச் சுற்றி அது செலவழிக்கும் சக்திதான் விஷயம்.

உண்மையில் உங்களைப் படுத்தப்போவது வயிறு. ஓடும் படகைவிட நங்கூரம் போட்டு நிற்கும் படகு மோசமாக ஆடும். கூடவே அந்த மீன் கூழ் நாற்றம். தலைசுற்றல் மாத்திரையை முந்தைய இரவும், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் போடுங்கள். குமட்டல் தொடங்கியபின் விழுங்குவது கூழில் சேரத்தான் உதவும். கான்ஸ்பாய்க் கடல் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிதான், வெட்சூட் 5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மாஸ்க் விளிம்பில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும்.

சுறா வராவிட்டால் பணம் திரும்புமா, இன்னொரு பயணத்துக்குச் சீட்டு மட்டும் தருவார்களா என்பதை முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுதான் என்றால் மறுநாளே விமானம் ஏறுவதுபோல் திட்டம் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் எந்தப் படகும் கிளம்பாது. குறைந்தது மூன்று நாள் கையில் இருக்கட்டும்.